சாய்த்துப் பார்ப்பவள்

கைத்தொலைபேசியை யாரும் பிடிக்காத விதமாக ஜெனுஷா பிடித்திருக்கிறாள். திரை உள்ளங்கைக்குள் கவிழ்ந்திருக்கிறது. முதுகு சன்னலைப் பார்க்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகச் சாய்க்கிறாள். கறுப்பாகக் கிடந்த முதுகிலிருந்து ஒரு நீலம் எழுகிறது. இன்னும் சாய்த்ததும் நீலம் ஊதாவாகி, விளிம்பில் வழிந்து, காணாமல் போகிறது. "நாலு," என்கிறாள். மறுபடி சாய்க்கிறாள். "இல்ல, அஞ்சு. ஆக அடியில வெள்ள மை ஒண்ணு பூசியிருக்கான், கள்ளன்." தொலைபேசி என்னுடையது. நான்கு வருடமாகச் சட்டைப் பையில் கிடக்கிறது. அதன் முதுகில் ஐந்து அடுக்குகள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆளைப் பார்க்கும் முன் ஆளின் தொலைபேசி முதுகைப் பார்ப்பது அவள் வழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அவர் தலை அசையும்போதெல்லாம் இவள் தலையும் அசையும். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பெண் இவளை முறைத்து, "என்ன, எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "ஒங்கள இல்ல, ஒங்க கண்ணாடிய," என்றாளாம் இவள்.

ஜெனுஷாவுக்கு முப்பத்தொரு வயது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான மேட்டு லயத்தின் ஆறாவது ஒற்றையறைக் காம்பராவில், தாய் இசபெல்லுடன் இருக்கிறாள். தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். மகள் அதே வீட்டில், தையல் மெஷின் மேசையில் மடிக்கணினியை விரித்து, உலகத்தின் பெரிய கம்பனிகள் சொல்வது உண்மையா என்று பார்க்கிறாள். மிகைப்படுத்தவில்லை. அதுதான் வேலை. ஒரு கம்பனி, "இப்படியொரு பொருளை நாங்களே முதலில் கண்டுபிடித்தோம், இனி எங்களைக் கேட்காமல் வேறெவரும் செய்யக் கூடாது" என்று ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பிக்கும். அது உண்மையிலேயே முதலா, அல்லது யாராவது ஏற்கெனவே செய்து, எழுதி, விற்று முடித்ததா என்று ஒருவர் தேட வேண்டும். வெளிநாட்டு ஆக்கவுரிமை அலுவலகங்களுக்காக இந்தத் தேடலைச் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. அதன் தேடுநர்களில் ஒருத்தி இவள். இவளுக்கு ஒதுக்கப்பட்ட மூலை மிகச் சிறியது: மின்னணுக் கருவிகளின் அலங்கார அடுக்கு மேலோடுகள். தொலைபேசி முதுகில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் கோலம், கோலத்துக்கு அடியில் ஒளியைத் திருப்பும் ஒரு மெல்லிய படலம், அதற்கும் அடியில் மை. இந்த நாலைந்து படலங்களுக்குள் நான்கு வருடமாகக் குடியிருக்கிறாள்.

காலை எட்டு மணிக்கு மேசையில் உட்காரும்போது மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, கேட்காமலே சன்னல் வழியாக உள்ளே வரும். எதிரே இருக்கும் தேயிலை மலை முதலில் பச்சையை இழக்கும், பிறகு விளிம்பை இழக்கும், பிறகு இல்லாமலே போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வெயில் வந்து மூட்டம் ஒவ்வொன்றாக உரியும்போது, வேலி, கல், மரத்தின் பாதி, கொழுந்துக் கூடையோடு ஒரு முதுகு என்று மலை திரும்பி வரும். "எத்தன தட்டு போச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன், பிளேன்டீ ஆறிப்போச்சு," என்பாள். திரையில் படிந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அன்றைய விண்ணப்பத்தைத் திறப்பாள்.

திறந்ததும் முதலில் படிப்பது படத்தையோ கோரிக்கையையோ அல்ல. கண்டுபிடித்தவர்களின் பெயர்களை. ஜப்பான்காரர், கொரியாக்காரர், சீனர், ஜெர்மானியர் என்று வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். "பேரு மொதல்ல. அவங்க ஒக்காந்து யோசிச்சிருக்காங்கள்ல, மரியாத." பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரின் வீட்டு முகவரியும் இருக்கும், தெரு, இலக்கம், எல்லாம். இவள் வீட்டுக்கு இன்றுவரை சொந்த முகவரி இல்லை. இந்த லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால் வீட்டுக்கு வரும். இருநூறு வருடம் ஒரு மலையைக் குடைந்து, கொத்தி, நட்டு, பறித்த சனத்துக்கு ஒரு கதவிலக்கம் கொடுக்க இந்த நாட்டுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நான் இதைச் சொல்லிக் கொதித்தால் அவள் சிரிப்பாள். "கத்தாதீங்க. பக்கத்துக் காம்பரால பிள்ள தூங்குது."

தேடிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பழைய தாளுக்கும் ஓர் எழுத்து போட வேண்டும். "ஏ" என்றால் சும்மா பின்னணி. "வை" என்றால் இன்னொரு தாளோடு சேர்த்தால் ஆபத்து. "எக்ஸ்" என்றால் அந்த ஒரு தாளே போதும், கோரிக்கை விழும். இந்த எழுத்துகள் மேசையை விட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாடுகின்றன. தாயின் கத்தரிக்காய்க் குழம்பு "ஏ". நான் சொன்ன பகிடி ஒன்றுக்கு, "இது முன்னயே வந்திருக்கு, எக்ஸ்," என்று முகத்தில் அசைவில்லாமல் தீர்ப்பு சொன்னாள். வலப்பனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை சம்பந்தம் வந்தது. படத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். "புதும இல்ல," என்று திருப்பிக் கொடுத்தாள். இசபெல் கைகளை விரித்தார். "இவளுக்கு ஆள் வேணாம்ங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள தாலி வச்சுக் குடுத்தா கட்டிக்குவா."

பேராதனையில் பௌதிகம் படித்தாள் என்பது உண்மை. ஆனால் இந்த வேலையை அவள் படித்தது வேறோர் இடத்தில். மேட்டு லயத்தின் சுவர்கள் கருங்கல்லும் மண்ணும். இடுக்குகளால் காற்று வரும். கிறிஸ்மஸ் வந்தால் இசபெல் கோதுமை மாவில் பசை காய்ச்சி, கரப்பான் தின்னாமலிருக்கத் துத்தம் ஒரு சிட்டிகை கலந்து, காம்பராச் சுவர் முழுவதும் தாள் ஒட்டுவார். பத்திரிகை, பழைய கலண்டர், கொப்பித் தாள், எது கனமோ அது. போன வருடத் தாளின் மேலேயே இந்த வருடத் தாள். ஏழு வயதில் ஜெனுஷாவுக்கு வாதக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். தலைமாட்டில் சுவர். ஈரத்தில் தாளின் மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தாள். உள்ளே வேறொரு செய்தி. அதற்குள் வேறொரு படம். அதற்குள் அவள் பிறப்பதற்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. "காய்ச்சல் வேற. ஒவ்வொரு தட்டா எறங்கி எறங்கிப் போற மாதிரியே இருக்கும். ஆக அடியில கல்லு வந்தப்ப அழுதுட்டேன், முடிஞ்சிருச்சேன்னு." தாய் கண்டு விரல்களில் தட்டினார். காய்ச்சல் போய்விட்டது, உரிக்கும் விரல் தங்கிவிட்டது.

இந்த வருடம் மாசியில் அவள் மேசைக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பம் வெளியிடப்படும்வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது தொழிலின் சட்டம்; எட்டு மாதம் கழித்து அது வெளியாகி எவரும் படிக்கலாம் என்றான பிறகே சொன்னாள். ஒரு பெரிய கம்பனி கேட்டிருந்தது இதுதான்: தெளிவான ஒரு தகடு, அதன் உட்புறம் சாயம் ஏறிய ஒரு படலம், அதற்கடியில் இலை நரம்பு வடிவில் வெள்ளி மினுக்கம், கடைசியில் கறுப்பு. நேரே பார்த்தால் வெறும் கறுப்பு. சாய்த்தால் இலை.

வழக்கம்போலப் பெயர்களைப் படித்தாள். ஆறு பேர். கோரிக்கையைப் படித்தாள். பிறகு எழுந்து போய் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றாள். ஹட்டன் கடைத்தெருவில் தொலைபேசி திருத்தும் சுஹைர் இதே பொருளை அவள் கண்முன்னே செய்து பல வருடமாகிறது.

சுஹைர் ஐம்பது வயதுக்காரர். அண்ணன் முறை வைத்து "நானா" என்று கூப்பிடுவாள். கடை இரண்டு ஆள் அகலம். முற்றிய தேயிலை இலையைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தசையைத் தட்டித் தட்டி எடுப்பார். நரம்பு மட்டும் சிலந்தி வலைபோல மிஞ்சும். அதற்கு வெள்ளிச் சாயம் தெளித்துக் காயவைத்து, தெளிவான கவருக்குள் வாகனக் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரின் துண்டுக்கும் கறுப்புத் தாளுக்கும் நடுவில் வைப்பார். அந்தக் கவரை மேசையில் வைத்தால் ஒன்றுமில்லை. எடுத்துச் சாய்த்தால் ஒரு தேயிலை வெளிச்சத்துக்கு எழுந்து வரும். உல்லாசப் பயணிகள் வாங்குவார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்கள் அதைவிட அதிகம் வாங்குவார்கள்.

என்ன ஆபத்து என்பது ஜெனுஷாவுக்கு உடனே தெரிந்தது. அந்தக் கோரிக்கை அப்படியே ஏற்கப்பட்டால், பிரஷ்ஷால் இலையைத் தட்டும் அந்த மனிதரின் கைவேலைக்கு நாளை உலகம் வைக்கும் பெயர் "நகல்". அதைத் தடுக்க அவள் கண்ணால் கண்டது உதவாது. தேதி போட்ட தாள் வேண்டும். கொழும்பில் அவளுக்கு மேலே இருக்கும் கிஷாந்த் பயிற்சியின் முதல் நாளே சொன்ன பாடம் அது: "ஒங்க கண்ணு சாட்சி இல்ல, ஜெனுஷா. தாள்தான் சாட்சி." தேடலை முடிக்க எட்டு நாள் இருந்தது.

நான் பகுத்தறிவை நம்புகிறவன். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று மேடையில் முழங்கியிருக்கிறேன். ஆனால் இந்த மலையில் "தாள் எங்கே?" என்ற கேள்விக்கு இன்னொரு வரலாறு உண்டு. நாற்பத்தெட்டாம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்து, நீ இங்கே பிறந்ததற்குத் தாள் எங்கே, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் தாள் எழுதினார்கள்? இலட்சக்கணக்கானோர் ஒரு கையெழுத்தில் நாடற்றவராயினர். ஆதாரம் கேட்பது அறிவு. ஆதாரம் வைத்திருக்க விடாமல் செய்துவிட்டு அதைக் கேட்பது அயோக்கியத்தனம். ஜெனுஷாவின் பாட்டன் அந்தத் தாளைத் தேடியே செத்தவர். அவள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று பிற்பகல் குடையை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு நடந்தாள்.

அங்கேதான் அவள் தவறு செய்தாள்.

"நானா, அந்த எல கவரு இருக்கே, அத மொதல்ல எந்த வருஷம் செஞ்சீங்க?"

சுஹைர் கையிலிருந்த சிறிய திருகாணியைக் கீழே வைத்தார். "யாரு கேக்கச் சொன்னது, டீச்சர்?" ஜெனுஷா முன்பு இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், கடைத்தெருவுக்கு இன்னும் டீச்சர்தான்.

"யாருமில்ல. நாந்தான்."

"எதுக்கு?"

சொல்லக் கூடாது. "சும்மா," என்றாள்.

பின்னால் சார்ஜர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த சுஹைரின் மனைவி ரபீக்கா நிமிர்ந்தார். "சும்மா யாரும் வருஷம் கேக்க மாட்டாங்க, டீச்சர். வெல கேப்பாங்க, கலர் கேப்பாங்க. வருஷம் கேக்குறது பொலிசும் கோர்ட்டும்தான்."

போன வருடம் அதே தெருவில் ஒரு கடைக்குள், வெளிநாட்டுக் கம்பனியின் முத்திரை போட்ட கவர்களைத் தேடி ஆட்கள் பொலிசோடு வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் மாதக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தார். அதிலிருந்து கடைத்தெருவில் கேள்வி என்றாலே பயம். ஜெனுஷா இதை மறந்துவிட்டாள்.

"அது நா செஞ்சதில்ல," என்றார் சுஹைர். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பெட்டா சாமான். கொழும்புல இருந்து வாறது. நாங்க வாங்கி விக்கிறோம், அவ்வளவுதான்."

"நானா, நா பாத்திருக்கேன். இந்தா, இந்த ஸ்டூல்ல ஒக்காந்து..."

"பெட்டா சாமான், டீச்சர்."

அடுத்த நாள் பஸ்ஸிலிருந்தே பார்த்தாள். கண்ணாடி அலமாரியில் இலைக் கவர் ஒன்றுகூட இல்லை. முகநூலில் கடை நடத்தும் பக்கத்தில் அந்தக் கவர்களின் படங்கள் தேதியோடு இருந்தன. அன்று காலை அவற்றையும் காணோம். "நா கேட்ட கேள்வியே சாட்சிய தின்னுருச்சு," என்று இதைச் சொல்லும்போது அவள் குரல் இப்போதும் இறங்குகிறது. தன் பொருளைத் தானே மறுத்த அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கிற எவரும் பிடுங்கவே வருகிறார் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தால், அந்தப் பாடத்துக்குப் பொறுப்பு மாணவன் அல்ல.

மூன்று நாள் மற்ற தாள்களைத் தேடினாள். கொரியாவில் பூ வடிவம் இருந்தது. சாய்த்தால்தான் தெரியும் என்பது அதில் இல்லை. ஜப்பானில் சாய்த்தால் நிறம் மாறுவது இருந்தது, இலை இல்லை. எல்லாம் "வை", எல்லாம் "ஏ". நாலாம் நாள் ஞாயிறு. மூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்து கூரையின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்து, சின்ன வயதில் பார்த்த அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை, விழித்திருக்கவும் இல்லை என்கிறாள். சுவர் மெதுவாகச் சாய்வதுபோலத் தோன்றிற்று. சாய்ந்தபோது, மேல் தாளின் அடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

எழுந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் அச்சடிப்பார்கள். அடிப்பதற்குக் கடை கடையாகப் போய் விளம்பரம் பிடிப்பது புது டீச்சர்மாரின் தலையெழுத்து. இரண்டாயிரத்துப் பதினெட்டில் அந்தத் தலையெழுத்து அவளுடையது. சுஹைரிடமும் போனாள். அரைப் பக்கம் தந்தார். "என்ன போடணும் நானா?" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், நீங்களே நல்லதா ஒண்ணு எழுதுங்க, டீச்சர்," என்றார். எழுதினாள். என்ன எழுதினாள் என்பதுதான் ஞாபகமில்லை. மிஞ்சிய மலர்கள் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்தன. தாள் நல்ல கனம் என்று இசபெல் மகிழ்ந்துபோய் அந்தக் கிறிஸ்மஸுக்கு அவற்றையே பிரித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்து எழுதுவினைஞரை வீட்டுத் தொலைபேசியில் பிடித்தாள். பழைய மலர்களெல்லாம் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன என்றார். மிச்சம் சுவர்தான்.

"சொவத்த உரிக்கப் போறியா?" என்றார் இசபெல். "பனிக் காலத்துலயா? ஒனக்கு இன்னும் அந்தக் காய்ச்சல் எறங்கல."

"திரும்ப ஒட்டித் தாறேன்மா."

"மாவு யாரு தருவா, ஒன் கம்பனியா?"

ஜெனுஷா கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுவரோரம் தூக்கிப் பிடித்தாள். ஆவி தாளுக்குள் ஏறியது. நெய் தடவிய கத்தியால் ஓரத்தைக் கிளப்பினாள். முதலில் போன வருடம் உரிந்தது. அதற்கடியில் இரண்டாயிரத்து இருபத்திரண்டு இருக்க வேண்டும், இல்லை. அந்த வருடம் மா வாங்க வழியில்லை, பசை காய்ச்சவில்லை. ஒரு நாடு வங்குரோத்தானது இந்தச் சுவரில் ஒரு தட்டு குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து இருபத்தொன்று: முகக்கவசம் போட்ட முகங்கள். இருபது: பூட்டிய தெருக்கள். பத்தொன்பது: ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகளுக்கு இரையான தேவாலயமொன்றின் கூரை. அதைக் கண்டு இசபெல் சிலுவை போட்டார். ஒவ்வொன்றாகப் பனிபோலச் சுவரிலிருந்து கழன்று அவள் முழங்கையில் தொங்கின. அதற்கடியில் வெள்ளையாய், கனமாய், பதினெட்டு.

அலமாரிக்குப் பின்னால், மூன்றாவது தாளில் அது இருந்தது. சுஹைர் போன் சென்டர், ஹட்டன். அடியில் அவள் சொற்கள்: "கொழுந்து கவர்! எங்கள் கடையில் மட்டும். உண்மையான தேயிலையின் நரம்பை வெள்ளியாக்கி, மேலே கறுப்பு ஸ்டிக்கர், கீழே கறுப்புத் தாள் வைத்து எம் கையால் செய்தது. நேரே பார்த்தால் கறுப்பு. சற்றே சாய்த்தால் இலை." பக்கத்தின் அடியில், எல்லாப் பக்கத்திலும் போல, பள்ளியின் பெயரும் பரிசளிப்பு விழாத் தேதியும்.

"அந்தோனியாரு காட்டிட்டாரு," என்றார் இசபெல். தொலைந்ததைக் காட்டித் தரும் புனிதர் அவர்.

"அந்தோனியாரு காட்டல. கேத்தல் காட்டுச்சு," என்றாள் மகள். கேத்தல் கட்சியில் நானும் உண்டு.

சுவரிலிருந்த ஒரு தாளை மட்டும் அனுப்பினால் கொழும்பில் சிரிப்பார்கள். முழு மலர் வேண்டும். யாரிடம் இருக்கும்? பரிசு வாங்கியவர்களிடம். தன் படம் அச்சேறிய புத்தகத்தை இந்த மலையில் ஒருவரும் எறிவதில்லை. அந்த வருடம் விஞ்ஞானத்தில் முதற்பரிசு வாங்கிய ஜீவராணி இப்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். வீடு அடுத்த தோட்டத்தில். திங்கட்கிழமை விடியலில் ஜெனுஷா நடந்து போனாள். ஜீவராணி பெட்டியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மலரை எடுத்தாள். "படத்துல பல்லு தெரியும், யாருக்கும் காட்டாதீங்க, டீச்சர்."

கிஷாந்துக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தாள். "சார், ஒண்ணு சொல்லணும். இந்த விளம்பரத்த எழுதுனது நாந்தான்."

மறுமுனையில் கிஷாந்த்: "நீங்களா? எப்ப?"

"அப்பதான். டீச்சரா இருந்தப்ப. எழுதுனவளே தேடுறது சரியில்லன்னா வேற ஆள்கிட்ட குடுத்துருங்க."

"தேதியும் நீங்கதான் எழுதினீங்களா?"

"இல்ல சார். அது அச்சகம்."

"விழாவில எத்தன பேருக்குக் குடுத்தாங்க?"

"முந்நூறு பேருக்கு மேல."

"அப்ப அது ஒங்களுடையது இல்ல, ஊருடையது. எதுக்கும் அப்படியே ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்க. மேல இருக்கிறவங்க முடிவு பண்ணட்டும்." வைக்கும் முன் கேட்டார்: "என்ன எழுத்து போட்டீங்க?"

"எக்ஸ்," என்றாள்.

ஐப்பசியில் விண்ணப்பம் வெளியானது, தேடல் அறிக்கையோடு. கொரிய எண்கள், ஜப்பானிய எண்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு மலையகப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா மலர், பக்கம் நாற்பத்தொன்று, சுஹைர் போன் சென்டர் விளம்பரம். எதிரே எக்ஸ். இனி அந்தக் கம்பனி கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும்; சாய்த்தால் தெரியும் இலை எவருக்கும் தனியுடைமை அல்ல. அறிக்கையின் அடியில் வேறொரு நாட்டு அதிகாரியின் பெயர் இருந்தது. தேடியவளின் பெயர் எங்கும் இல்லை. விளம்பரத்திலும் எழுதியவளின் பெயர் இல்லை. எனக்கு மறுபடி கொதித்தது. "வழமையே அதான்," என்றாள் அவள்.

அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். சுஹைர் தாளைத் தொடாமலே படித்தார். எட்டு மாதமாக அவளிடம் அவர் சரியாகப் பேசியதில்லை.

"இதுல எங்கட கட பேர் எதுக்கு இருக்கு? நா மாட்டிக்கிட்டேனா?"

"நீங்க மாட்டல நானா. அவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. ஒங்களுக்குப் பொறகுதான் அவங்க வந்தாங்கன்னு எழுதியிருக்கு."

ரபீக்கா எட்டிப் பார்த்தார். "அப்ப நமக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது. ஒங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது, அவ்வளவுதான்."

"அதுக்கா இவ்வளவு நாளு எங்கள பயம் காட்டினீங்க?" என்று ரபீக்கா சிரித்தார். சுஹைர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மாசியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. இலைக் கவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கண்ணாடி அலமாரியின் முன் வரிசையில் வைத்தார். கடைசியில் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பதினெட்டு இல்ல, டீச்சர்," என்றார் மெதுவாக. "பதினாறுல செஞ்சேன். நோன்பு மாசம்."

மார்கழியில் நான் மேட்டு லயத்துக்குப் போனபோது காம்பராவில் மாப்பசை வாசனை. இசபெல் பசைச் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். உரித்த சுவரில் புதுத் தாள் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே மூட்டம் எதிர் மலையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. ஜெனுஷா தாள்களை அடுக்கி ஒவ்வொன்றாகத் தாய்க்கு நீட்டினாள். நீட்டும் முன் பென்சிலை எச்சில் தொட்டு, மூலையில் ஏதோ எழுதினாள். அன்றைய தேதி.

"பேப்பர்லயே தேதி இருக்கேடி," என்றார் இசபெல்.

"அது அடிச்ச தேதி. இது ஒட்டுன தேதி."

அடுத்த தாளை எடுத்தாள். தேதியை எழுதினாள். கொடுக்கப் போனவள் நிறுத்தி, தாளை மறுபடி மடியில் வைத்து, தேதிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். பசை படிந்த கையோடு தாய் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்: செய்தவர், மரியநாயகம் இசபெல், ஆறாம் காம்பரா, மேட்டு லயம்.

"சொவத்துக்கு எதுக்குடி பேரு?"

ஜெனுஷா அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு தாளைச் சுவரில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்றுக் குமிழி நிற்காமல், உள்ளங்கையால் நீவினாள்.